ஆளில்லாத அறையின் மூச்சு

ஆளில்லாத அறையில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள் என்று பெட்டி சொன்னது.

தாட்சாயினி ஒரு கையில் பால் பையும் தோளில் மகளின் புத்தகப் பையுமாகச் சின்ன அறையின் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பனிச்சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டாள். நிலத்தில், தெருப்பனிக்குக் கொட்டுகிற உப்புக் கரைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கப்போகிறவளும் அவள்தான், அந்த எரிச்சல் வேறு. நாலரைக்கே வெளியே கும்மிருட்டு. மொன்றியலில் மார்கழி பிறந்தால் இதே தொல்லைதான், மத்தியானச் சோறு செமிக்க முன்னம் இரவு வந்து குந்திவிடும். கீழே தெருவில், பனி அள்ளப் போகிறோம் காரை எடுங்கள் என்று நகரசபை வாகனம் ஊளையிட்டுக்கொண்டு போனது. வீட்டைச் சூடாக்குகிற சுவரோரத்து வெந்நீர்க் குழாய் டொக் டொக் என்று தன்பாட்டில் தட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் விளக்குப் போடவில்லை. புத்தக அலுமாரியின் மேல்தட்டில் பெட்டியின் பச்சை எண் மட்டும் தெரிந்தது.

"கோதாரி விழுந்த பெட்டி," என்றாள்.

"அம்மா, பசிக்குது!" என்று கூடத்திலிருந்து ஆரபி கத்தினாள். ஏழு வயதுக்காரி. பள்ளிக்கூடமும் அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கார்தெரியும் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பசியைத் தவிர வேறு கதை இல்லை.

கையளவு வெள்ளைப் பெட்டி அது. நாம் விடுகிற மூச்சு ஓர் அறையின் காற்றில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும்; பள்ளிக்கூடத்தில் காபனீரொட்சைட்டு என்று பாடமாக்கிய அதே சாமான்தான். வெளியே வைத்தால் நானூற்றுச் சொச்சத்தில் நிற்கும். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் மெல்ல மெல்ல ஏறி ஆயிரத்தைக் கடக்கும். பூட்டிக் கிடக்கிற வெற்று அறையில் அது ஏற வழியே இல்லை. சின்ன அறைக்குள் காலையிலிருந்து ஒருவரும் போகவில்லை. இப்போது அது ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது.

அவள் வேலை செய்த ஆய்வு நிலையத்தில் இந்தப் பெட்டிகள்தான் அந்த ஆண்டின் பெரிய பாடு. வடக்கே, நுனாவிக்கில், காலங்காலமாக உறைந்து கிடந்த நிலம் உருகி வீடுகள் சரிகின்றன. சரிந்த வீட்டில் கதவு பொருந்தாது, குளிர் வரும், சனங்கள் இடுக்கெல்லாம் அடைத்துவிட்டு ஒரே வீட்டுக்குள் நெருக்கியடித்துப் படுப்பார்கள், பிள்ளைகளுக்கு நெஞ்சு நோய். நிலத்தைப் படித்தவர் தனியாகவும் நெஞ்சைப் படித்தவர் தனியாகவும் பார்த்தால் இது விளங்காது என்று, பனியை ஆராய்கிறவர்கள், டொக்டர்மார், வீடு கட்டுகிற எஞ்சினியர்மார், அந்த ஊர்களின் தாய்மார் என்று எல்லோரையும் ஒரே மேசையில் இருத்தி நடத்துகிற ஆய்வு. பெட்டிகளை வடக்கே அனுப்ப முன்னம் ஊழியர் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பது நிலையத்தின் வழக்கம். ஒன்றை ஆள் படுக்கிற அறையில் வைக்க வேண்டும், மற்றதை ஆளில்லாத அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். முதலாவது ஏற வேண்டும். இரண்டாவது பேசாமல் கிடக்க வேண்டும்.

இந்த முறை தாட்சாயினி கொண்டுவந்திருந்தாள். முன்பெல்லாம் அதைச் செய்தவன் ரதீசன், அவளுடைய புருசன். பெட்டிகளை வடக்கே கொண்டுபோய் வீடு வீடாகப் பொருத்தியவனும் அவன்தான். கார்த்திகை தொடக்கத்தில் அப்படிப் போன இடத்தில், முன்னால் அந்த ஊரவர் ஒருவர் ஸ்கிடூ என்கிற பனி வண்டியில் போக, பின்னால் இவன் இன்னொன்றில் போக, அவரைத் தாங்கிய ஏரிப்பனி இவனைத் தாங்கவில்லை. முந்தியெல்லாம் அந்த மாதத்தில் லொறி ஓடுமளவுக்கு இறுகிவிடுகிற ஏரியாம். உடைந்த இடம் ஓரிரவில் திரும்ப உறைந்து மூடிக்கொண்டது. துளைபோட்டுத் தேடினார்கள். கமெராவை இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில், பனி உருகட்டும், ஆனி மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனி மாதம்! அதுவரைக்கும் மனுசன் தண்ணீருக்குள் கிடக்க வேண்டுமாம்.

கிடக்கிறான் என்று தாட்சாயினி ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளிடம், அப்பாவைப் பனி மறிச்சுப்போட்டுது, உருகினதும் வருவார் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய பிறந்த வீட்டுப் பழக்கம் அது. இலங்கையில் சண்டைக் காலத்தில் அவளுடைய அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை. உடம்பைக் காணாமல் எப்படிக் காரியம் செய்வது என்று அவனுக்கு எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, படத்துக்கு ஒரு மாலையும் இல்லை. அந்த வீட்டில் அவன் இன்றைக்கும் வரவேண்டிய ஆள்தான். காணாமல் போனவனுக்குக் காரியம் செய்தால் செய்தவர்களே அவனைக் கொன்றதாகிவிடும் என்று நினைக்கிற சனம். அதனால் ரதீசனுக்கும் விளக்கு வைக்கவில்லை, செம்பில் தண்ணீர் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள் போட்டாள். மூன்றாவது தட்டுச் சோற்றை மூடி எடுத்து வைத்தாள். மேசையில் எதிரே அந்த வெறும் கதிரையைப் பார்க்கும்போது நெஞ்சைப் பிடித்துப் பிழிகிற மாதிரி வரும், வந்தாலும் போட்டாள்.

பெட்டிதான் பழுதோ என்று பார்க்க அன்று அவள் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தாள். ஆரபியின் அறையில் இருந்தது சின்ன அறைக்கு, சின்ன அறையில் இருந்தது ஆரபியிடம். காலையில் எழுந்து பார்த்தாள். ஆரபியின் அறையிலும் ஒருவர் படுத்த அளவு. சின்ன அறையிலும் ஒருவர் படுத்த அளவு.

நிலையத்தில் றெனோல்ட் பெட்டிகளைக் கணினியில் கொழுவிப் பார்த்தான். மன்னார்ப் பொடியன், அவளைவிட இளையவன், வாய் ஓயாதவன்.

"அக்கா, ரெண்டிலயும் ஆள் படுத்திருக்கு. வெறும் அறையில வைக்கச் சொன்னா நீங்கள் விருந்தாளியைப் படுக்க வைச்சிருக்கிறியள்."

"ஒருத்தரும் படுக்கேல்லை. பெட்டி பழுது."

"ரெண்டும் ஒரே மாதிரியே பழுது?" திரையில் கோடு மெல்ல ஏறி, ஒரு மட்டத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறியது. விரலால் அதைத் தடவிக் காட்டினான். "பாருங்கோ, இதில எழும்பியிருக்கிறார். இதில திரும்பப் படுத்திட்டார். நித்திரை குறைவுபோல." சிரித்தவன் அடுத்த கோட்டைப் பார்த்ததும் சிரிப்பை விட்டான். "இதென்னக்கா? மூச்சு ஏற ஏற அறை குளிருது. ஆள் படுத்தா சூடெல்லோ ஏற வேணும்?"

"நீர் சொல்லும், எனக்கென்ன தெரியும்."

அவன் சட்டைக்குள் கிடந்த சிலுவையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, குறை நினையாதேங்கோ. உந்தப் பெட்டியளைத் திருப்பித் தாங்கோ. வேற ஆரும் சோதிக்கட்டும். பிள்ளையோட தனிய இருக்கிறியள்."

"பேந்து ஒருநாள் தாறன்," என்று பெட்டிகளைக் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்ப மெட்ரோவில் நிற்கும்போதுதான் தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டுமில்லை. அடி வயிற்றில் ஒரு சந்தோசம் வந்து உட்கார்ந்திருந்தது. இப்படியும் ஒரு சந்தோசமா என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அன்று பின்னேரம் ஆரபியைக் கார்ட்டூனுக்கு முன்னால் இருத்திவிட்டுச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சுவரில் சாய்ந்து தரையில் குந்தினாள். விளக்குப் போட மனம் வரவில்லை. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னலால் வந்து அலுமாரியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு வெங்காயம் பொரிகிற மணம் எங்கோ தூரத்தில் இருந்தது, அதற்குள்ளால் வேறொரு மணம் மெல்ல மெல்ல எழும்பி வந்தது, ஸ்கிடூ எண்ணெயும் நனைந்த கம்பளியும் குளத்து அடிச் சேறும் கலந்த மணம், வடக்கே போய் வந்த அன்றைக்கு அவன் கழற்றிப் போடுகிற உடுப்பில் வருகிற மணம்தான், ஆனால் அதில் சேறு இவ்வளவு இருப்பதில்லை. ஜன்னலைப் பார்த்தாள். குளிருக்கு அடக்கமாகக் கண்ணாடிக்கு மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை ஒட்டி, தலை உலர்த்துகிற மெசினால் சூடு காட்டி விறைப்பாக இழுத்துவிடுவது இந்த நகரத்து வழக்கம். கடைசியாகப் போகமுன் அவனே ஒட்டிவிட்டுப் போன தாள். விறைப்பாக இருக்க வேண்டிய அந்தத் தாள் அறைப் பக்கமாக மெல்லப் புடைத்தது. பிறகு மெல்ல உள்வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியது. திரும்பப் புடைத்தது.

வெளியே காற்றில்லை. பனி நேர்குத்தாக விழுந்துகொண்டிருந்தது.

தாள் புடைக்கும்போது அவளும் மூச்சை இழுத்தாள். உள்வாங்கும்போது விட்டாள். பதினொரு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்த இழுப்புத் தெரியாதா? விடுமுன் நடுவில் ஒரு சின்னத் தடக்கு. அவனேதான்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

தாள் அசையாமல் நின்றது. அவளுடைய கழுத்து மயிரெல்லாம் குத்திட்டது. எழுந்து ஓட வேண்டும்போலவும் இருந்தது, கையை நீட்ட வேண்டும்போலவும் இருந்தது. நெடுநேரம் கழித்து, புடைத்தது.

"வந்திட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் யாராவது கேட்டால் விசர் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மூச்சு வெளியே கசிந்து போய்விடக் கூடாது என்று கதவின் அடியில் துவாயைத் திணித்தாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே நாடா ஒட்டினாள். குளியலறை விசிறியை நிறுத்தினாள். வடக்கத்து வீடுகளில் எதைச் செய்யாதீர்கள் என்று அவளுடைய நிலையம் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறதோ அதையெல்லாம் ஒன்றொன்றாகச் செய்தாள். இடியப்பமும் சொதியும் வைத்து அவனுடைய தட்டைச் சின்ன அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். காலையில் பார்த்தால் சொதி கல்லாக உறைந்து, கரண்டி அதற்குள் நட்டுக்கு நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் தேங்காய்ப்பால் விட்டிருக்க வேணும் என்ன?" என்று அந்தத் தாளைப் பார்த்துக் கேட்டாள்.

பெட்டியின் எண் பின்னேரத்துக்குப் பின்னேரம் ஏறியது. ஆயிரத்து ஐந்நூறு. அதற்கும் மேலே. அவன் தேறி வருகிறான் என்று அவள் நினைத்தாள்.

ஆரபியின் அறைப் பெட்டி இறங்கியதையும் அவள் கண்டாள். முதலில் ஆயிரம், பிறகு எண்ணூறு, பிறகு அதற்கும் கீழே. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை விடிய விடியப் படுக்கிற அறை அப்படி இறங்காது. அதை அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை, ஜன்னலால் காற்று வருகிறது என்று தனக்குத் தானே ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டாள். பிள்ளை சோர்ந்து போனாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் படுத்துவிடுவாள். பசிக்குது என்று கத்துகிறதும் நின்றுவிட்டது. கையைப் பிடித்தால் குளிர்ந்தது. தடிமன், இந்த நகரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடிமன்தானே என்று ஒரு பாணி மருந்தைப் பருக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யோகராணி மச்சாள் புரோசார்ட்டில் இருந்து பாலம் கடந்து வந்தாள். ரதீசனின் மூத்த அக்கா. நண்டுக் கறிச் சட்டியை மேசையில் வைத்தவள் மேலங்கியைக் கழற்றவில்லை.

"என்னடி வீடு இது, ஐஸ்பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு. ஹீற்றர் போடுறேல்லையே?"

"போட்டுத்தான் கிடக்கு மச்சாள்."

"பிள்ளை எங்க?"

"படுத்திருக்கிறாள்."

"பின்னேரம் மூண்டு மணிக்கே?" மச்சாள் ஆரபியின் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் தொப்பென்று இருந்தாள். குரலை இறக்கினாள். "தாட்சா, பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியே?"

"என்னத்தை?"

"எடி, என்ர வாயால அதைச் சொல்ல வைக்காதை. அவன் என்ர தம்பி. எனக்கு நோகாதே? நான் தூக்கி வளர்த்தவன்." மூக்கைச் சீறினாள். "ஐயரோட கதைச்சனான். உடம்பு கிடையாட்டி தர்ப்பையால ஓர் உருவம் செய்து, அதை எரிச்சுக் காரியம் செய்யிற முறை இருக்காம். செய்து அனுப்பி விடுவம். பாவமெல்லோ, போற இடம் தெரியாம நிக்கப் போறான்."

தாட்சாயினிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ர மனுசன் புல்லுப் பொம்மையே? எரிக்கிறதுக்கு?"

"பின்ன என்ன செய்யப் போறாய்?"

"ஆனி வரட்டும்."

"ஆனியில என்னத்தைக் காணப் போறாய்?"

தாட்சாயினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சின்ன அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. நீர் நிரம்பிய இருமல். நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து, பாதியில் அடைத்து, திரும்ப இழுக்கிற இருமல். இருவரும் கதவைப் பார்த்தார்கள், துவாயைப் பார்த்தார்கள், சுற்றிவர ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தார்கள்.

"உள்ள ஆர்?" மச்சாளின் சத்தம் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"ஒருத்தருமில்லை."

இன்னொரு தரம் இருமியது. மச்சாளின் முகத்தில் இரத்தமில்லை. தம்பியின் இருமல் அக்காவுக்குத் தெரியும். எழும்பினாள், கதிரை சாய்ந்து விழுந்தது, அதைப் பார்க்கவும் இல்லை. "பிள்ளையை நான் கொண்டு போறன். தாட்சா, கேள், இண்டைக்கு ஒரு நாள் பிள்ளையை என்னட்டத் தா. நாளைக்கு ஐயரோட வாறன்."

"ஏலாது."

"ஏனடி?"

"அப்பா வந்து தேடினா?" என்றாள் தாட்சாயினி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

மச்சாள் அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அழுதபடி படியிறங்கிப் போனாள். நாளைக்கு வாறன், விடிய வாறன் என்று கீழ்வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனது கேட்டது.

வெளியே இருட்டிவிட்டது. வெந்நீர்க் குழாய் தட்டுவதை நிறுத்திவிட்டது. மேல் மாடியில் எப்போதும் நடக்கிற காலடிகூட இல்லை. நண்டுக் கறியின் மணத்துக்கு மேலே சேற்று மணம் ஏறி நின்றது. தாட்சாயினி மகளின் அறைக்குப் போனாள். கதவு சாத்தித்தான் இருந்தது. கட்டிலில் போர்வைக்குள் ஆரபி ஒருக்களித்துக் கிடந்தாள். மேசையில் பெட்டி.

ஐந்நூறு.

பார்த்துக்கொண்டிருக்கவே நானூற்றுத் தொண்ணூறு ஆனது.

"ஆரபி. குஞ்சு. எழும்பு பார்ப்பம்."

பிள்ளை கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அம்மா, நான் ஃபத்திகே."

களைச்சுப்போனேன் என்கிறாள். தாட்சாயினி கட்டிலில் ஏறி அவளைத் தூக்கி மடியில் இருத்தினாள். பிள்ளையின் தலை தோளில் சாய்ந்தது. குளிர்ந்த தலை. "ஏன் குஞ்சு களைப்பு?"

"அப்பாக்குக் குடுக்கிறதால."

"என்னத்தை?"

"மூச்சு." ஆரபி கொட்டாவி விட்டாள். "அப்பா தண்ணிக்குள்ளால நடந்து வந்தவர் அம்மா. அங்க மூச்சு இல்லையாம். கொஞ்சம் தா எண்டு கேட்டவர். நான் துவாயை விலக்கிப்போட்டுக் கதவுக்குக் கீழால ஊதிக் குடுத்தனான்."

"எப்ப?"

"எல்லா நாளும். நீங்க குசினியில நிக்கேக்க." பிறகு அம்மாவைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். "அப்பா பாவம். நீங்க அவரை வரச் சொன்னதெல்லே?"

தாட்சாயினி பிள்ளையைப் படுக்க வைத்தாள். எப்படிப் படுக்க வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கூடம். மேசை. விழுந்து கிடந்த கதிரை. சின்ன அறையின் கதவு.

துவாயை இழுத்தாள். நனைந்து கனத்தது. நாடா கிழிந்தது.

உள்ளே ஒரே இருட்டு. தெருவிளக்கின் வெளிச்சம் வரவில்லை. கண்ணாடி முழுக்க உறைபனி பூத்து மூடியிருந்தது. பெட்டியின் பச்சை எண் இரண்டாயிரத்துக்கு மேலே. தாள் புடைத்தது. இறங்கியது. புடைத்தது. கெதியாக. ஓடி வந்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி. பிள்ளையின் மூச்சு. என்ர பிள்ளையின் மூச்சு.

"இஞ்சாருங்கோ."

தாள் நின்றது.

"நீங்கள் செத்துப்போனீங்கள்," என்றாள்.

திரும்பச் சொன்னாள், சத்தமாக. "ஏரிக்குள்ள விழுந்து செத்துப்போனீங்கள். கேக்குதே? ஆனியில நீங்கள் வரமாட்டீங்கள். உங்கட உடம்புதான் வரும். எனக்கு அது அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சோறு போட்டனான். என்னால உங்களை விடேலாமல் இருந்தது. என்ர பிழை, எல்லாம் என்ர பிழை. பிள்ளையை விடுங்கோ. என்ர ராசா, பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ."

இருட்டுக்குள் ஏதோ அவளுடைய பெயரைச் சொல்லப் பார்த்தது. முதல் எழுத்து வந்தது. மிச்சத்தைத் தண்ணீர் விழுங்கியது.

அவள் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். தாளைப் பற்றினாள். கைக்குள் அது துடித்தது. கிழித்தாள். உறைந்திருந்த கொக்கியை உள்ளங்கையால் அடித்தாள், தோல் பிய்ந்தது, இன்னும் அடித்தாள். ஜன்னல் திறந்தது. குளிர் உள்ளே விழுந்தது. ஈரக் கம்பளி ஒன்று அவளுடைய முகத்தில் உரசியது, கன்னத்தில் ஒரு கணம் நின்றது, அவள் கண்ணை மூடிக்கொண்டு அதற்குக் கன்னத்தைக் கொடுத்தாள். போய்விட்டது.

மணமும் போய்விட்டது. கீழே தெருவில் யாரோ காரின் பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பெட்டியின் எண் ஆயிரம், எழுநூறு, நானூற்றுச் சொச்சம். வெளிக்காற்று. அறையில் யாருமில்லை. தாட்சாயினி ஜன்னல் கட்டையில் நெற்றியை வைத்து, ஐயோ என்ர ஐயோ என்று, பிணம் கிடக்கிற வீட்டில் பெண்கள் அழுகிறபடி வாய்விட்டு அழுதாள். அவன் செத்த செய்தி வந்த நாளிலும் அவள் அப்படி அழவில்லை. அண்ணாவுக்கும் சேர்த்து அழுதாள்.

"அம்மா."

திரும்பினாள். கதவடியில் ஆரபி நின்றாள். மெல்லிய இரவுடுப்பு. வெறுங்கால். கண் நன்றாகத் திறந்திருந்தது. களைப்பில்லை.

"அப்பா போயிட்டார் அம்மா."

"ஓம் குஞ்சு. போயிட்டார்." தாட்சாயினி ஓடிப்போய் முழங்காலில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சுகமாக இருக்கிறாள். நிற்கிறாள். கதைக்கிறாள். கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டு முதுகைத் தடவினாள், தலையைத் தடவினாள். திறந்த ஜன்னலால் பனித்தூள் உள்ளே வந்து தரையில் படிந்தது. "குளிருதே பிள்ளை?"

"இல்லை."

"நடுங்குதே?"

"இல்லையே. நீங்கதான் நடுங்கிறீங்க."

ஓம், அவள்தான் நடுங்கினாள். பல்லுக்குப் பல் அடித்தது. பிள்ளையைக் கொஞ்சம் விலக்கி, தோளைப் பிடித்து, முகத்தைப் பார்த்தாள். "கடைசியா எவ்வளவு குடுத்தனீ?" என்று கேட்டாள். கேள்வி அவளுடைய வாயிலிருந்து வெண்புகையாக வந்து, இரண்டு பேருக்கும் நடுவே நின்று கலைந்தது.

"எல்லாம்," என்றாள் ஆரபி.

அந்தச் சொல்லோடு ஒன்றும் வரவில்லை.

"என்ன?"

"எல்லாத்தையும் குடுத்திட்டன். அவருக்குத் தூரமெல்லே."

ஒன்றும் வரவில்லை. உதடு அசைந்தது. சொல் கேட்டது. அந்த உதட்டுக்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது.

"கதை பிள்ளை." வெண்புகை. "என்ர குஞ்சு, கதை. என்னவும் கதை. பள்ளிக்கூடத்தில நாளைக்கு என்ன?" வெண்புகை, வெண்புகை.

"நாளைக்கு வகுப்பு மதாம் எங்களைச் சறுக்கக் கூட்டிக்கொண்டு போறா. சறுக்கிற சப்பாத்துக் கொண்டு வரட்டாம். லேயாவும் நானும் ஒண்டாக் கை பிடிக்கிறது. அவளுக்கு விழப் பயம். எனக்குப் பயமில்லை. அம்மா, நான் நீல மப்ளரைப் போடட்டே?"

தாட்சாயினி அந்தச் சின்ன வாய்க்கு நேரே தன் வாயைக் கொண்டுபோனாள். தன்னிடமிருந்த சூட்டையெல்லாம் திரட்டி ஊதினாள். திரும்ப ஊதினாள். பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தது போலும், சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி, லேயாவைப் பற்றியும் மதாமின் புதுத் தொப்பியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். இருட்டு அறையில், திறந்த ஜன்னலுக்கு முன்னால், ஒரு வாயிலிருந்து மட்டும் வெண்புகை வந்துகொண்டிருந்தது.